இல்லாத வீட்டுக்கு ஒரு கூரை

அனுப்புநர்:
திருமதி ஞானாம்பிகை முத்துக்குமாரு,
இலுப்பையடி வளவு,
உரும்பிராய்.

பெறுநர்:
பணிப்பாளர் அவர்கள்,
பெருநிறுவன இடத்தெரிவு ஒருங்கிணைப்புப் பணியகம்,
யாழ்ப்பாணம்.

தங்கள் கடிதங்கள்: 14.06.2023, 05.12.2023, 01.09.2025 ஆகிய திகதிகளுக்குரியவை.

விடயம்: வெண்சங்கு குழுமத்தின் தலைமையகத்துக்கு இடம் பார்க்கும் வேலை முடியாமல் இழுபடுவதால் கூரையின்றி நிற்கும் எமது வீடு தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மேற்படி முகவரியில் வசிப்பவள். வயது ஐம்பத்திரண்டு. பதினேழு வருடம் கூட்டுறவுச் சங்கக் கடையில் முகாமையாளராக இருந்தவள். ஆகையால் அலுவலகம் ஒன்றுக்கு எப்படி எழுத வேண்டும் என்பது எனக்குத் தெரியும். இதற்கு முன் தங்களுக்கு எழுதிய ஆறு கடிதங்களையும் அப்படித்தான் எழுதினேன். பிரதிகளை எடுத்து வைத்துப் பார்த்தபோது ஆறிலும் சேர்த்து ‘தயவுகூர்ந்து’ என்ற சொல்லைப் பதினாறு இடத்தில் பாவித்திருக்கிறேன். ஒரு பலனும் இல்லை. ஆகவே இந்த ஏழாவது கடிதத்தில் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். எங்காவது சொல் தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளவும். நான் இரண்டு வருடத்துக்கு மேல் பொறுத்திருக்கிறேன்.

2. கொழும்பில் கடலைப் பார்த்தபடி பதினொரு மாடியில் இருக்கும் வெண்சங்கு குழுமம் தனது தலைமையகத்தைக் குடாநாட்டுக்கு மாற்ற யோசிக்கிறது என்று 2023ஆம் ஆண்டு வைகாசியில் அறிந்தோம். பிஸ்கட், காப்புறுதி, கப்பற் சரக்கு, ஆஸ்பத்திரிக் கட்டில் என்று அவர்கள் கை வைக்காத வியாபாரம் இல்லை. நானூறு பேர் வேலை செய்யும் அலுவலகம். பண்டத்தரிப்பு, மருதனார்மடம், உரும்பிராய் ஆகிய மூன்று ஊரில் எது பொருத்தம் என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு தங்கள் பணியகத்துக்குக் கிடைத்தது. உரும்பிராயில் குறிக்கப்பட்டது எங்கள் குறுகிய ஒழுங்கையின் இரு பக்கமும் உள்ள பத்துப் பேரின் காணி. அதில் எட்டுப் பரப்பு, அதாவது அரை ஏக்கர், எங்களுடையது.

குழுமம் வரக்கூடாது என்று எழுதுகிறேன் என யாரும் நினைக்க வேண்டாம். எனது மகள் சாருஜா கொழும்பில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை செய்கிறாள். நாலு பேருக்கு ஒரு அறை, ஒரு மின்விசிறி. அப்படிப்பட்ட அலுவலகம் ஒன்று இங்கே வந்தால் அவள் வீட்டிலிருந்து சைக்கிளில் வேலைக்குப் போய் வரலாம் என்று முதலில் சந்தோசப்பட்டவளே நான்தான். பிறகுதான் அவள் வந்து இருப்பதற்கு வீடு வேண்டுமே என்ற யோசனை வந்தது.

3. எங்களுக்கு வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீடு அந்த வைகாசியில் சுவர் முழுக்க எழும்பிக் கூரைக்குத் தயாராக நின்றது. ஒரு முன்னறை, இரண்டு அறை, குசினி. கூரைக்கு வேண்டிய சலாகைகளைப் பனைமரத்தில் அரிந்து கொண்டுவந்து வளவில் அடுக்கியிருந்தோம். ஆவணியில் குடிபூர நாளும் பார்த்தாயிற்று. அந்த நேரத்தில்தான் 14.06.2023ஆம் திகதிய தங்கள் கடிதம் வந்தது. இடத்தெரிவு முடியும் வரை மேற்படி காணிகளில் எவ்வித நிர்மாண வேலையும் மேற்கொள்ளக்கூடாது என்றும், நான்காம் பந்தியின்படி வேலி அடைத்தலும் புதுப்பித்தலும் மாத்திரம் அனுமதிக்கப்படும் என்றும் அதில் இருந்தது.

எவ்வளவு காலத்துக்கு என்று கேட்டு எழுதினேன். மூன்று மாதம் என்று பதில் வந்தது. ஐயா, சொன்ன மூன்று மாதமும் வந்துவிட்டது. அதோடு யாரும் சொல்லாத இரண்டு வருடமும் சேர்ந்து வந்துவிட்டது.

4. இந்தக் காலம் முழுக்க நானும் எனது கணவர் முத்துக்குமாருவும் வளவின் மூலையில் ஒரு தகரக் கொட்டிலில் இருக்கிறோம். அவருக்கு முட்டு வருத்தம், மூச்சு இழுப்பு. வெயிலில் தகரம் காய்ந்தாலும் இழுக்கும், மழையில் நிலம் ஈரித்தாலும் இழுக்கும். முதலாவது மாரியில் இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். போன மாரியில் மூன்று தடவை. காய்ந்த நிலமும் உயரமான கூரையும் உள்ள இடத்தில் இவரை வைத்திருங்கள் என்று டொக்டர் துண்டில் எழுதியே தந்தார். அப்படி ஒரு இடம் எங்கள் கொட்டிலிலிருந்து முப்பது அடி தள்ளி, மேலே வானம் தெரிய, சும்மா நிற்கிறது. படுத்தால் மூச்சு வராது என்பதால் கதிரையில் இருந்தபடியே நித்திரை கொள்ளும் மனிதர் கண் விழித்தால் முதலில் காண்பது அந்தச் சுவரைத்தான். இந்த மனுவில் நான் கேட்கப் போவது எல்லாம் அந்த முப்பது அடியைப் பற்றியது.

5. இனி வேலியின் கதைக்கு வருகிறேன். இதில் எனது பிழையும் உண்டு. அதை மறைக்காமல் எழுதுகிறேன்.

தங்கள் குழு முதற் தடவை 17.08.2023 அன்று வருவதாக அறிவித்தது. பண்டத்தரிப்பில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் பாண்ட் வாத்தியம் வாசிக்கப் போகிறார்களாம், மருதனார்மடத்தில் சந்தியிலிருந்து மேளம் பிடித்துக் கூட்டிவரப் போகிறார்களாம் என்று கதை அடிபட்டது. எங்கள் ஒழுங்கைக்கு அந்த அளவு வசதி இல்லை. ஒழுங்கை அபிவிருத்திச் சங்கத் தலைவர் திரு. தம்பிஐயா என்னிடம் வந்து சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: “ஞானம், கொழும்பிலையிருந்து பெரிய ஆக்கள் வருகினம். உந்த அரைகுறை வீட்டைக் கண்டால் எங்கடை ஊரைப் பற்றி என்ன நினைப்பினம்? முன்னுக்கு ஒரு கிடுகு வேலி அடைச்சு விடுவம். ரெண்டு நாள் அலுவல்தானே.”

வெளியிலிருந்து ஆட்கள் வரும்போது பூச்சுப் பூசாத சுவரையும் கறுத்துப்போன கல்லையும் காட்டிக்கொண்டு நிற்க எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. எங்கள் பக்கத்தில் வீட்டின் மானம் வேலியில் இருக்கிறது. உள்ளே கஞ்சி குடித்தாலும் வேலி வடிவாக இருக்க வேண்டும். ஒழுங்கைச் சனம் எல்லாம் சேர்ந்து தென்னோலைக் கிடுகு கட்டினோம். இரண்டு வரி கட்டியும் சுவரின் தலை தெரிகிறது என்றார்கள். மூன்றாவது வரியை ஏணி வைத்து நான்தான் கட்டினேன். கம்பியை இறுக்கி முடிந்த தழும்பு இன்னும் விரலில் இருக்கிறது.

6. தங்கள் குழு ஆறு பேராக ஒரு வான் வண்டியில் வந்து இறங்கியது. ஒழுங்கை முகப்பில் நிறைகுடம் வைத்துக் குங்குமப்பொட்டு வைத்து வரவேற்றோம். இஞ்சி போட்ட தேநீரும் உழுந்து வடையும் கொடுத்தோம். குழுவினர் வேலியின் முன்னால் இருபது நிமிடம் நின்றார்கள். வேலியைப் பல பக்கத்திலிருந்தும் படம் எடுத்தார்கள். ஒரு அம்மா அதைத் தொட்டுப் பார்த்து நல்ல வேலைப்பாடு என்றார். படலையைத் திறக்கச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் திறந்திருப்பேன் என்று நினைக்கிறேன். இப்போது எழுதும்போது அதையும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. வடை நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

7. மாரி நெருங்குகிறது, கூரை மட்டும் போட விசேட அனுமதி தாருங்கள் என்று கேட்டு எழுதினேன். அதற்குத் தங்கள் 05.12.2023ஆம் திகதிய பதில் வந்தது. அந்தப் பதிலை நான் கண்ணாடி போட்டு ஒரு தடவையும் போடாமல் ஒரு தடவையும் வாசித்தேன். “களப் பரிசோதனை அறிக்கையின்படி மேற்படி காணி குடியிருப்பு அற்ற வெறுங்காணியாகும். இல்லாத வீடொன்றுக்குக் கூரையிட அனுமதி வழங்குவது குறித்துப் பரிசீலிக்க இயலாது” என்று இருந்தது.

கணவரிடம் வாசித்துக் காட்டினேன். அவர் இழுப்புக்கு நடுவில் சிரித்துவிட்டு, “எனக்குக் கூரை வேண்டாம். வீடு இருக்கெண்டு ஒரு கடுதாசி வாங்கித் தா, அதைத் தலைக்கு மேலை பிடிச்சுக்கொண்டு இருக்கிறன்” என்றார். அந்த மாதமே அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

தகவல் அறியும் உரிமையின் கீழ் விண்ணப்பித்து அந்த அறிக்கையின் பிரதியை எடுத்தேன். இருபத்தேழு அம்சத்துக்குப் புள்ளி போட்டிருக்கிறார்கள். உரும்பிராய்க்குப் பத்துக்குப் பத்தும் கிடைத்தது இரண்டு அம்சத்துக்கு. ஒன்று நிலத்தடி நீர். மற்றது ‘பண்பாட்டுச் சூழல்’. அதன் எதிரே, “பாரம்பரியக் கிடுகு வேலி மிகச் சிறப்பாகப் பேணப்பட்டுள்ளது” என்று குறிப்பு. நானே ஏணியில் ஏறிக் கட்டிய வேலிக்குப் பத்துப் புள்ளி. அதற்குப் பின்னால் இருக்கும் வீட்டுக்கு ஒரு வரிகூட இல்லை. யாரைக் கோபிப்பது என்று தெரியவில்லை.

8. இரண்டாவது வருகை 12.03.2024. அன்று படலையைத் திறந்து விடுவது என்று முடிவோடு இருந்தேன். காலையிலேயே திரு. தம்பிஐயா வந்துவிட்டார். இப்போது வீட்டைக் காட்டினால் முதல் அறிக்கை பொய் என்றாகும், பொய் சொன்ன ஊர் என்று எங்களை வெட்டிவிட்டுப் பண்டத்தரிப்புக்குக் கொடுத்துவிடுவார்கள், இந்த ஒழுங்கையில் வேலையில்லாமல் இருக்கும் பதினாலு பிள்ளைகளுக்கும் நீ என்ன பதில் சொல்லப் போகிறாய் என்று கேட்டார். அந்தப் பதினாலு பேரில் அவருடைய மகனும் ஒருவன் என்பதை நான் சொல்லிக் காட்டவில்லை. வெளியாரின் முன்னால் ஊரை விட்டுக்கொடுக்க எனக்கும் மனம் வரவில்லை. படலையைத் திறக்காமல் தேநீர்த் தட்டத்தைத் தூக்கினேன். ஆக, எனது வீட்டை மறைத்தவர்களில் நானும் ஒருத்தி, அதுவும் இரண்டு தடவை.

9. மூன்றாவது வருகை 09.01.2025. மழை நாள். காற்றுக்கு வேலியின் ஒரு பக்கம் சரிந்து, தலை நுழையும் அளவுக்குப் பொட்டு விழுந்திருந்தது. அன்று கணவர் ஆஸ்பத்திரியில். நான் உடுப்பு எடுக்க வீட்டுக்கு வந்த நேரம் தங்கள் வானும் வந்தது. குழுவில் இருந்த உத்தியோகத்தர் திரு. ஜெரோசன் அந்தப் பொட்டுக்குள்ளால் எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு என்னிடம், “அக்கா, உதுக்குள்ளை வீடெல்லே நிக்குது?” என்று கேட்டார். ஓம் என்றேன். இரண்டு வருடத்தில் தங்கள் பணியகத்தைச் சேர்ந்த ஒருவர் எனது வீட்டைக் கண்ணால் கண்டது அந்த ஒரு தடவைதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அவர் ஒழுங்கையின் இரு பக்கமும் பார்த்தார். பிறகு சரிந்த கிடுகை நிமிர்த்தி, பொட்டை அடைத்து, கம்பியையும் முறுக்கிவிட்டார். “இப்ப நான் வீடு இருக்கெண்டு எழுதினால் முதல் வந்த பெரியவையைப் பொய்யர் எண்டு சொன்ன மாதிரிப் போயிடும் அக்கா. கொஞ்சம் பொறுங்கோ, நான் பக்குவமாய் ஒரு வழி பாக்கிறன்” என்றார். நல்ல பிள்ளை. அவர்மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி இதை எழுதவில்லை. அவர் இன்னும் பக்குவமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றே நினைக்கிறேன்.

10. இந்தக் குழுமத்தின் தலைமையகம் எங்கே அமைய வேண்டும் என்பது மூன்று தடவை வந்து பார்த்தும் தங்களுக்கு முடிவாகவில்லை. எனக்கு முடிவாகிவிட்டது. எவரும் என்னைக் கேட்கவில்லை என்றாலும், வீடு இல்லாதவள் என்ற முறையில் எனக்கு யோசிக்க நிறைய நேரம் கிடைத்தது. சொல்கிறேன்.

பண்டத்தரிப்பில் காணி தாராளம். படித்த பிள்ளைகளும் தாராளம். விமான நிலையம் தூரம் என்று அதற்குப் புள்ளி வெட்டியிருக்கிறார்கள். அங்கிருந்து பலாலிக்குப் போகிற நேரத்தில் கொழும்பில் இரண்டு சந்தியைத் தாண்ட முடியாது என்று எனது மகள் சொல்கிறாள். உண்மையான குறை அதுவல்ல. பொழுதுபட்ட பிறகு அந்தப் பக்கம் பஸ் அருமை. ஆறு மணிக்கு வேலை முடித்து வரும் பெண்பிள்ளைகள் வீதியில் காத்து நிற்க வேண்டும். இருபத்தேழு அம்சத்தில் பஸ் என்று ஒரு அம்சம் இல்லை. குழுவில் இருந்தவர்கள் எல்லாரும் வானில் வந்தவர்கள்.

உரும்பிராய், எனது ஊர். தண்ணீருக்குப் பத்துக்குப் பத்து. தண்ணீர் நன்றாக இருப்பதற்குக் காரணம், நானூறு பேரின் மலசலகூடக் குழி இதுவரை அதன் மேல் இருக்கவில்லை என்பதுதான். எங்கள் நிலத்தின் அடியில் சுண்ணக்கல். இந்த வளவில் குழிக்குள் போவது நாலு வளவு தள்ளி ஒருவரின் கிணற்றில் வரும். மேலே இருப்பது செம்மண். வெங்காயமும் உருளைக்கிழங்கும் போட்டால் போட்டதற்கு மேல் தரும். அதன் மேல் சீமெந்தைக் கொட்டி வாகனத் தரிப்பிடம் அமைப்பதற்கு இந்தத் தேசத்தில் வேறு இடமே கிடைக்கவில்லையா?

மருதனார்மடத்துக்கு இரைச்சல் என்று புள்ளி குறைத்திருக்கிறார்கள். சந்தை இரைச்சல்தான். காலையில் லொறிகளும் நிற்கும். ஆஞ்சநேயர் கோயிலுக்கு வரும் சனமும் உண்டு. ஆனால் நாலா பக்கத்திலிருந்தும் பஸ் வரும். ரயில் கிட்ட. வேலைக்கு வருபவர் போகும் வழியில் மரக்கறியும் வாங்கிக்கொண்டு போகலாம். நானூறு பேரில் இருபது பேர்தான் கண்ணாடி அறைக்குள் இருக்கும் முதலாளிமார், அவர்களுக்கு இரைச்சல் கேட்காது. மற்ற முந்நூற்றெண்பது பேரும் வீட்டுக்குப் போக வேண்டியவர்கள். ஆகவே முதலிடம் மருதனார்மடம், இரண்டாமிடம் பண்டத்தரிப்பு, மூன்றாமிடம் உரும்பிராய். சொந்த ஊரைக் கடைசியில் போட்டவள் என்று ஒழுங்கையில் என்னைத் திட்டுவார்கள். திட்டட்டும்.

பத்தொன்பதாவது அம்சமாகக் ‘கோல்ஃப் விளையாட்டு வசதி’ என்று இருக்கிறது. மூன்று ஊருக்கும் பூச்சியம். இதற்கு மூன்று தடவை வந்து பார்க்க வேண்டியிருந்ததா என்பதை மட்டும் அறியத்தரவும்.

11. இப்போது தங்கள் 01.09.2025ஆம் திகதிய கடிதம் வந்திருக்கிறது. நான்காவதும் ‘இறுதிக்கு முந்தியதுமான’ பரிசோதனைக்காகக் குழுமத்தின் தலைவரே 25.09.2025 அன்று நேரில் வருகிறாராம். சென்ற அறிக்கையில் சிறப்பாகக் குறிப்பிடப்பட்ட கிடுகு வேலி பழுதடைந்திருப்பதால் அதை முன்போலவே புதுப்பித்து வைக்கும்படியும், அதற்கான கிடுகைப் பணியகமே வழங்கும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். கூரைக்கு ஓடு போட விடுங்கள் என்று ஆறு கடிதம் எழுதியவளுக்கு, அவள் வீட்டை மறைப்பதற்குக் கிடுகு அனுப்பியிருக்கிறீர்கள். அந்த வரியை வாசித்தபோது எனக்கு வந்த கோபத்தை எழுத மரியாதைத் தமிழில் சொல் கிடைக்கவில்லை. தேடிப் பார்த்தேன்.

சொன்னபடி 8ஆம் திகதி ஒரு லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஐந்நூறு கிடுகு வந்து இறங்கியது. நல்ல கிடுகு. நெருக்கமாகப் பின்னியது, இன்னும் பச்சை வாசம் போகாதது. “வேலி புதுப்பிப்பதற்காகப் பெற்றுக்கொண்டேன்” என்று எழுதிக் கையொப்பம் வைத்தேன். அந்தக் கையொப்பம் என்னுடையதுதான். மறுக்க மாட்டேன்.

12. அந்தக் கிடுகை அடுத்த நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அடுத்த மாதம் ஐப்பசி, மழை தொடங்கிவிடும். 10ஆம் திகதி காலையில் பழைய வேலியை அறுத்து விழுத்தினேன். அடுக்கி வைத்த சலாகைகளில் மூன்றில் ஒரு பங்கு கறையான் தின்றது போக மிச்சத்தைப் பக்கத்து வளவுப் பொடியன்களின் உதவியோடு சுவருக்கு மேல் ஏற்றினேன். கணவர் கீழே கதிரையில் இருந்தபடி ஒவ்வொரு கிடுகாக எடுத்து நீட்டினார். பத்துக் கிடுகுக்கு ஒரு தடவை ஓய்ந்து மூச்சு வாங்கினார். போதும், விடுங்கோ என்றால் கேட்கவில்லை.

மத்தியானம் போல் திரு. தம்பிஐயா ஓடி வந்தார். வேலி இல்லாமல் வீடு ஒழுங்கைக்குத் தெரிய நிற்பதைக் கண்டு என்னைக் கண்டபடி ஏசினார். நான் கட்டிக்கொண்டே இருந்தேன். ஏசி முடிந்து, கணவர் கிடுகைத் தூக்க முடியாமல் மடியில் வைத்துக்கொண்டு இழுக்கிறதைக் கண்டார். பிறகு சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஏணியில் ஏறி வந்து, “உந்த முகட்டிலை இப்பிடி விட்டால் ஒழுகும். தள்ளு, நான் கட்டிறன்” என்றார். மாலைக்குள் முடிந்தது. ஐந்நூறும் முன்னறைக்கும் ஒரு அறைக்கும் போதுமாக இருந்தது. மற்ற அறைக்கும் குசினிக்கும் போதவில்லை.

13. தாங்கள் தடை செய்த நிர்மாண வேலையை நான் செய்துவிட்டேன் என்று கோப்பில் குறிப்பு எழுத யாராவது பேனாவை எடுக்கக்கூடும். அவருக்காகப் பின்வருவனவற்றைப் பணிவுடன் தெரிவிக்கிறேன். தங்கள் பதிவின்படி இந்தக் காணியில் வீடு இல்லை. இல்லாத வீட்டுக்குக் கூரை போட முடியாது என்று எனக்கு எழுத்தில் அறிவித்தவர்கள் தாங்களே. ஆகவே நான் போட்டது கூரையாக இருக்க முடியாது. தாங்கள் தந்த கிடுகைத் தங்கள் கடிதத்தின் நான்காம் பந்தியின்படி வேலி புதுப்பிக்கவே பாவித்தேன். வேலி நின்றுகொண்டுதான் இருக்க வேண்டும் என்று அந்தப் பந்தியில் எங்கும் எழுதப்படவில்லை. எங்கள் வேலி இப்போது படுத்திருக்கிறது. நிற்கும் வேலிக்கு நிலத்தில் நட்ட கதிகால் தேவை, படுத்திருக்கும் வேலிக்குச் சலாகை தேவை, அதுதான் வித்தியாசம். இது வேலி அல்ல, கூரைதான் என்று பணியகம் கருதினால் அதற்குக் கீழே ஒரு வீடு இருக்கிறது என்பதையும் பணியகம் ஏற்றுக்கொள்ள வேண்டிவரும். எதை ஏற்பது என்பதைத் தங்களிடமே விடுகிறேன். எது என்றாலும் எனக்குச் சரி.

14. நேற்று மத்தியானம் ஒரு பாட்டம் மழை பெய்தது. புதுக் கிடுகு, ஒரு துளி இறங்கவில்லை. கணவர் முன்னறையில் பாயைப் போட்டுப் படுத்திருந்தார். இருந்தபடி அல்ல, படுத்து. ஒன்றரை மணித்தியாலம் நித்திரை கொண்டார். நான் பக்கத்தில் இருந்து அவர் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு வருடமாகக் கேட்காத சத்தம் அது. சத்தமே இல்லாத மூச்சு. அதற்குப் பிறகுதான் எழும்பி இந்த மனுவை எழுதக் கடதாசி எடுத்தேன். அதனால் முதற் பந்தியில் இருந்த கோபம் இங்கே வரும்போது கொஞ்சம் குறைந்திருக்கும். ஆனால் கிடுகு ஒரு மாரிக்குத்தான் தாங்கும் என்பது தங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

15. ஆகவே 25ஆம் திகதிக்கு முன் ஒரு உத்தியோகத்தரை அனுப்பி, இந்தக் காணியில் வீடு ஒன்று இருக்கிறது என்ற ஒரு வரியைக் கோப்பில் எழுதுவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். திரு. ஜெரோசனை அனுப்பினால் நல்லது, அவருக்கு வழி தெரியும். அந்த வரி எழுதப்பட்டதும் ஓடு போடுவதற்கான அனுமதியை ஐப்பசிக்கு முன் தர வேண்டும். தலைமையகத்தை எங்கே வைப்பதாக இருந்தாலும் 25ஆம் திகதியோடு முடிவெடுத்துச் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊருக்குத்தான் என்றால், வீட்டோடு சேர்த்துக் காணியைக் கேளுங்கள், இருந்து கதைப்போம். இல்லை என்றால் எங்களை விட்டுவிடுங்கள்.

குழுமத் தலைவர் அவர்கள் வரும் அன்று வரவேற்பில் குறை இருக்காது. நவராத்திரி நாட்கள், அவலும் கடலையும் இருக்கும். இஞ்சித் தேநீரும் வழமைபோல் உண்டு. நிறைகுடமும் நானே வைக்கிறேன். ஆனால் இந்தத் தடவை அதை ஒழுங்கை முகப்பில் வைக்கப் போவதில்லை. எங்கள் வீட்டு வாசற்படியில் வைப்பேன். பொட்டு வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் அதுவரை நடந்து வர வேண்டும்.

இந்த ஏழாவது கடிதத்துக்காவது சரியான பதில் வரும் என்று இன்னும் நம்பும்,

(ஒப்பம்)
ஞானாம்பிகை முத்துக்குமாரு

திகதி: 15.09.2025
இடம்: உரும்பிராய், இலுப்பையடி வளவு, வீட்டின் முன்னறை.